முதல் ட்ராக் டேக்குப் பழைய எம்எக்ஸ்-5: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிக்கடி கண்ணில் படுவது கூரை மடங்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கு என்ஏ என்று பெயர், 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாவதற்கு என்பி. ஏறக்குறைய ஒரு டன் எடை, பின் சக்கர ஓட்டம், சுலபமாகக் கிடைக்கும் பாகங்கள். வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவர்களிடமிருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. வேறு பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், அளவுகள்தான் மாறும்.

ட்ராக் டேன்னா ரேஸா? தனி லைசன்ஸ் எடுக்கணுமா?

ரேஸ் இல்லை. யார் முதலில் வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. லேப் நேரம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) எடுக்கவே பெரும்பாலான இடங்களில் தடை. சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். காலையில் பதிவு செய்து, பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கைப்பட்டை வாங்கிக்கொண்டு பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் உட்கார வேண்டும். அதைத் தவறவிட்டால் ட்ராக்கில் இறங்க விடமாட்டார்கள். பிறகு மெதுவான வேகத்தில் வழி பார்க்கும் சில லேப்கள்.

நாள் இரண்டு விதமாக நடக்கும். செஷன் முறையில் அனுபவத்தைப் பொறுத்துக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 15, 20 நிமிடம் தருவார்கள். ஓப்பன் பிட் முறையில் (பிட் என்பது ட்ராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடம்) நினைத்தபோது போகலாம், வரலாம். புதியவருக்குச் செஷன் முறை நல்லது. நீங்கள் மறந்தாலும் வண்டிக்கு ஓய்வு கிடைத்துவிடும்.

எந்த ட்ராக்ல ஆரம்பிக்கலாம்?

முதல் தேர்வு பெட்ஃபோர்ட் ஆட்டோட்ரோம். பழைய விமானத் தளத்தில் போட்ட ட்ராக் என்பதால் தப்பிப் போனாலும் ஓடி நிற்க இடம் தாராளம். ஸ்னெட்டர்டன் 300 ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். அகலமானது, ஆனால் நீண்ட நேர்ப்பாதைகள் பிரேக்கைச் சோதிக்கும். பிராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி 1.9 கிலோமீட்டர்தான், வழி சீக்கிரம் மனப்பாடமாகும். ஆனால் முதல் வளைவான பேடக் ஹில் பள்ளத்தில் சரிகிறது, வெளியேறும் இடம் உள்ளே நுழையும்போது கண்ணுக்குத் தெரியாது. கேட்வெல் பார்க் அழகான ட்ராக்தான். குறுகலும் ஏற்ற இறக்கமும் அதிகம் என்பதால் மூன்றாவது, நான்காவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

115 குதிரைத்திறன்தானே இருக்கு, முதல்ல எஞ்சினுக்குச் செலவு பண்ணலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தைப் பிரேக் ஆயில், பிரேக் பேடு, டயர், ரேடியேட்டர், ஒரு பயிற்சியாளர் என்ற வரிசையில் செலவழியுங்கள். ட்ராக்கில் கிடைக்கும் பயிற்சியாளர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் மிச்சமாகும் வினாடிகளை எந்த சைலன்சரும் தராது.

எம்ஓடி பாஸ் ஆயிடுச்சே, அது போதாதா?

எம்ஓடி பிரிட்டனின் ஆண்டுச் சோதனை, வண்டி சாலையில் போகத் தகுதியா என்று மட்டும் பார்க்கும். பிரேக் ஆயில் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது, ரேடியேட்டர் எத்தனை வயது என்பதெல்லாம் அதில் வராது. லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பாருங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே உள்ள 'சில்' எனும் விளிம்புப் பகுதி இரண்டு தலைமுறையிலும் துருப்பிடிக்கும். என்பியில் முன்பக்க சேசிஸ் கால்கள் (எஞ்சினின் இருபுறமும் ஓடும் சட்டங்கள்) உள்ளிருந்து அரிப்பதால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் ட்ராக் டேயைத் தள்ளிப் போட்டு வெல்டிங் முடியுங்கள்.

அடுத்து, பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பாகம்தான், ஆனால் கெட்டால் பெடல் கீழேயே கிடக்கும், வீட்டுக்கு லாரியில்தான் வர வேண்டும். பேட்டரி டிக்கியில் இருப்பதால் சீல் செய்த வகையாக இருக்க வேண்டும். காற்றுக் குழாயும் பிடிமானமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. 1991 வாக்கு வரையிலான ஆரம்ப 1.6 லிட்டர் எஞ்சினில் முன் புல்லியைத் தாங்கும் கிராங்க் முனை குட்டையானது. முன் புல்லி ஆடுகிறதா என்று எஞ்சின் ஓடும்போது கவனியுங்கள். ஆடினால் அது சாதாரண பழுது இல்லை.

கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90, டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே டப்பாவை ஊற்றும் பழக்கம் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு நல்லதில்லை.

பிரேக்குக்கு என்னென்ன மாத்தணும்? பெரிய டிஸ்க் போடணுமா?

பெரிய டிஸ்க் தேவையில்லை. 1.6 வண்டியின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8-இல் 255. ஒரு டன் வண்டிக்கு நல்ல பேடோடு முதல் சில நாட்களுக்கு இரண்டுமே போதும். முதலில் மாற்ற வேண்டியது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் தரம் கேட்பது 155 மட்டுமே. ட்ராக்கில் அந்த வித்தியாசம்தான் எல்லாம். ஒரு லிட்டர் நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்கிப் பழையது முழுவதும் வெளியேறும்வரை தள்ளுங்கள். டாட் 5 வேறு, அது சிலிகான். பெயரைப் பார்த்து ஏமாந்து ஊற்றிவிடாதீர்கள்.

வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் ஏர் எடுக்கும் (பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருப்பது முதலில். ஒவ்வொரு சக்கரத்துக்கும் டேங்கில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேடில் மின்டெக்ஸ் 1144, ஃபெரோடோ டிஎஸ்2500 போன்றவை சாலையிலும் ட்ராக்கிலும் ஓரளவு ஒத்துவருபவை. பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு போகாதீர்கள். பேடுதான் டிஸ்க்கின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் நடுவில் உள்ள சுவர், மெலிந்த சுவர் சூட்டைத் தடுக்காது. புதிய பேடு போட்டால் காலியான சாலையில் 100-இலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்துக்கு எட்டுப் பத்து முறை அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல் அப்படியே ஓட்டி ஆறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ட்ராக்கில் முதல் பெரிய சூட்டிலேயே பேடிலிருந்து வாயு கிளம்பிப் பிடிப்பு போகும்.

பின் காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) இந்த வண்டியின் தனிப் பிரச்சினை. ஸ்லைடர் பின்கள் இறுகும், ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் தளரும். காலிப்பர் பின்புறம் 14 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும் இடம் இருக்கிறது. கடிகாரத் திசையில் சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். பெடல் நீளமாக இருக்கிறது, ஏர் எடுத்தும் சரியாகவில்லை என்ற புகார் பல நேரம் இதோடு தீரும்.

நாலாவது லேப்ல பிரேக்கே பிடிக்கல. ஆயிலா, பேடா?

காலில் என்ன உணர்ந்தீர்கள் என்று யோசியுங்கள். பெடல் பஞ்சு போல மெத்தென்று தரைவரை போனால் ஆயில் கொதித்திருக்கிறது, குழாயில் ஆவி. பெடல் கல் மாதிரி இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேடு சூடு தாங்கவில்லை. முதலாவதற்குப் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தால் அந்த நேரத்துக்கு அழுத்தம் திரும்பலாம். இரண்டிலும் அந்த லேப்போடு மெதுவாக உள்ளே வந்துவிடுங்கள். கொதித்த ஆயில் ஆறினாலும் பெடல் பழையபடி வராமல் போகலாம். மறுபடி ஏர் எடுக்காமல் வெளியே போகக் கூடாது.

உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் தடம் பதியும், பிறகு பிரேக் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டயர் எது? காத்து எவ்வளவு?

முதல் நாளுக்கு நல்ல சாலை டயர் போதும். என்ஏ வண்டிக்கு 185/60 ஆர்14 வழக்கம், 15 அங்குல வீல் போட்டவர்களுக்கு 195/50. ட்ரெட் ஆழம் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. வாரம் ஒரு முறை மட்டும் வெளியே வரும் வண்டிகளில் பத்து வயது டயர் சகஜம். ரப்பர் இறுகிப் போய் மழையில் சோப்புத் தண்ணீரில் ஓடுவது போலிருக்கும்.

தொழிற்சாலை சொன்னது குளிர்ந்த நிலையில் 26 பிஎஸ்ஐ. அதிலேயே தொடங்குங்கள். செஷன் முடிந்த உடனே அளந்தால் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். சூட்டில் 30 முதல் 32 வரை நிற்கும்படி இறக்குங்கள். மாலை வீடு திரும்பும் முன், டயர் குளிர்ந்தபின், பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ள மறக்காதீர்கள். வீல் அலைன்மென்ட் செய்தால் முன்பக்கம் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யமும் முடிந்த அளவு நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்புறம் உள்நோக்கிச் சாய்வது) கேளுங்கள். வண்டி உயரத்தைப் பொறுத்து ஒன்றரை டிகிரியைத் தொடலாம். இல்லாவிட்டால் முன் டயரின் வெளி ஓரம் ஒரே நாளில் உருண்டுவிடும்.

டெம்பரேச்சர் முள் நடுவுலயே நிக்குது. அப்போ எஞ்சின் சூடாகலைதானே?

அந்த முள்ளை நம்பாதீர்கள். என்ஏ-யின் பிற்கால வண்டிகளிலும் என்பியிலும் அது ஓட்டுநரைப் பதற்றப்படுத்தாமல் இருக்க வடிவமைத்தது. பெரிய வெப்ப இடைவெளி முழுதும் நடுவிலேயே நிற்கும், மேலே ஏறத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதம். 1995 வாக்கிலிருந்து ஆயில் பிரஷர் மானியும் அப்படித்தான், ஒரு ஸ்விட்ச் மட்டும் பின்னால் இருக்கிறது. அதற்கு முந்தைய வண்டியில் உண்மையான அளவைக் காட்டும். பிற்கால வண்டிக்குத் தனி கூலன்ட் வெப்பமானி பொருத்துவது நல்ல முதலீடு.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கருப்பு, வயதானால் பச்சை கலந்த பழுப்பு. நிறம் மாறிய தொட்டி என்றைக்காவது ஓரத்தில் விரியும், அந்த நாள் பெரும்பாலும் சூடான நாள். மாற்றிவிட்டுப் போங்கள். எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலை (எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் சுவர்) ஒட்டிப் போகும் ஹீட்டர் ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத இடம் என்பதால் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இந்த எஞ்சினில் கூலன்ட் முன்பக்கமே நுழைந்து முன்பக்கமே வெளியேறுவதால் கடைசி சிலிண்டர் அதிகம் சூடாகும். கூலன்டைப் பின்பக்கமாக வெளியேற்றும் கூலன்ட் ரீரூட் என்ற மாற்றத்தைப் பலர் சொல்வது இதனால்தான். முதல் ஆண்டுக்கு அது வேண்டியதில்லை.

ட்ராக்ல ஓட்டினதும் எஞ்சின் மேல டிக் டிக்குனு சத்தம். போச்சா?

மெல்லிய, வேகமான டிக் சத்தம், தலைப்பகுதியிலிருந்து வந்தால், என்ஏ-யில் பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்). ஆயில் சூடாகி மெலிந்ததும், அளவு குறைந்ததும் அது பேசத் தொடங்கும். அளவைச் சரிசெய்து, நல்ல 10டபிள்யூ-40 மாற்றினால் அடங்கும். அடியிலிருந்து வரும் கனத்த இடிச் சத்தம், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால், அதோடு ஓட்டாதீர்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் டிப் ஸ்டிக் பாருங்கள். முழு அளவுக் கோட்டில் வையுங்கள். மேலே ஊற்றினால் நல்லது என்பது தவறு.

ஹார்ட்டாப் இருக்கே, ரோல் பார் எதுக்கு?

கழற்றி மாட்டும் கடினக் கூரையான ஹார்ட்டாப் மழைக்கு. சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவான ரோல் பார் தலையைக் காக்க. வண்டி கவிழ்ந்தால் முன் கண்ணாடிச் சட்டமும் தாங்காது, ஹார்ட்டாப்பும் தாங்காது. திறந்த கார்களுக்குச் சில ஏற்பாட்டாளர்கள் ரோல் பாரைக் கட்டாயமாக்குகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டாலும் போட்டுக்கொண்டே போங்கள். பின்புறம் குறுக்குத் தண்டோடு போல்ட்டில் பொருத்தும் வகை போதும்.

போட்டால் மட்டும் போதாது, உயரத்தையும் சோதியுங்கள். ஹெல்மெட் மாட்டிச் சீட்டில் உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடியின் உச்சிக்குத் துடைப்பக் கட்டையை வைக்கச் சொல்லுங்கள். தலை அதற்குக் கீழே 5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உயரமானவர்கள் சீட்டின் அடிப் பஞ்சைக் கொஞ்சம் வெட்டி இறங்குவது வழக்கம். தலை மோதக்கூடிய இடங்களில் கெட்டியான பேடிங் ஒட்டுங்கள். என்ஏ வண்டியின் பிளாஸ்டிக் பின் ஜன்னலை, கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து படுக்க வையுங்கள். மடித்தால் விரியும்.

என்ன போட்டுக்கணும்?

இசிஇ பாதுகாப்புத் தர முத்திரையுள்ள ஹெல்மெட் பெரும்பாலான இடங்களில் போதும். கை, கால் மூடிய பருத்தி உடை, மெல்லிய அடியுள்ள ஷூ. செருப்பு, கனத்த பூட்ஸ் வேண்டாம்.

சத்தம் அதிகம்னு திருப்பி அனுப்புவாங்களாமே?

அனுப்புவார்கள், பணமும் திரும்பாது. பல ட்ராக்குகளில் நின்ற நிலையில் 105 டெசிபல் எல்லை, சில இடங்களில் அதைவிடக் குறைவு. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணத்தில் வைத்து, உச்ச ஆர்பிஎம்மில் முக்கால் அளவில் அளப்பார்கள். இந்த எஞ்சினுக்கு அது சுமார் 5,000. தொழிற்சாலை சைலன்சருக்குக் கவலையில்லை. முன்னால் வைத்திருந்தவர் போட்ட சைலன்சரை நம்பிப் போகாதீர்கள்.

இடிச்சா என் இன்சூரன்ஸ் கொடுக்குமா?

சாலைக் காப்பீடு ட்ராக்கைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும், பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். ஒரு நாளுக்கு மட்டும் ட்ராக் காப்பீடு கிடைக்கும், ஆனால் சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை பெரிது. உங்களை ஒருவர் இடித்தால் அவரவர் சேதம் அவரவருக்கு என்றுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இரும்புத் தடுப்பில் மோதினால் அதற்கும் ட்ராக் பில் அனுப்பலாம். வண்டியின் மதிப்பை இழந்தாலும் தாங்கும் என்றால் மட்டும் காப்பீடில்லாமல் போகலாம்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

டார்க் ரென்ச், காற்று அளக்கும் கேஜ், பம்ப், ஜாக், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், மிச்சமிருக்கும் பிரேக் ஆயில், ஐந்து லிட்டர் தண்ணீர், கேபிள் டை, டேப், சக்கரக் கட்டை. வீல் நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர், 110-இல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் செஷனுக்குப் பின் சக்கரம் கொஞ்சம் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

எடுத்துவிட வேண்டியது அதைவிட முக்கியம். டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, உள்ளே உருளும் பாட்டில், சில்லறை, சன் கிளாஸ். ஓட்டுநர் பக்கக் கால்மிதியை மறக்காமல் எடுங்கள். அது நகர்ந்து பிரேக்குக்கு அடியில் போவது நடக்கும் விஷயம்.

கொடியெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

ஐந்து போதும். மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: மெதுவாக எல்லோரும் பிட்டுக்கு, திடீரென்று நிற்காதே. கருப்பு: உங்களுக்கு மட்டும், உள்ளே வா. நீலம்: பின்னால் வேகமான வண்டி, வழிவிடு. சதுரக் கட்டம்: செஷன் முடிந்தது. முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் சம்மதித்தபின் மட்டும். எந்தப் பக்கம் என்பதை அன்றைய கூட்டத்தில் சொல்வார்கள்.

வளைவுக்குள்ள பயந்து காலை எடுத்தேன், வண்டி சுத்திடுச்சு. ஏன்?

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் பாய்கிறது. பின் டயர் இலேசாகிப் பிடிப்பை இழக்கிறது. இந்த வண்டிகளில் உங்களைக் காப்பாற்ற எலெக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் இல்லை, பல என்ஏக்களில் ஏபிஎஸ்ஸும் கிடையாது. அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்தபின் காலை மெல்லச் சீராக வையுங்கள், ஸ்டீயரிங் நேராக நேராக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். வேகம் அதிகமாகிவிட்டது என்று உள்ளே தெரிந்தால் காலைப் பிடுங்காமல் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

சுழல ஆரம்பித்து மீட்க முடியாது என்று தெரிந்ததும் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதியுங்கள். சக்கரம் பூட்டிய வண்டி ஏறக்குறைய நேர்க்கோட்டில் சறுக்கும், மற்றவர்களால் ஊகித்து விலக முடியும். பாதியில் பிரேக்கை விட்டால் டயர் திடீரென்று பிடித்து எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஏபிஎஸ் இல்லாத வண்டி நேராகப் பிரேக் அடிக்கும்போது பூட்டினால் இதற்கு நேர்மாறு: கொஞ்சம் தளர்த்தி மறுபடி அழுத்துங்கள்.

ஒரு தடவைக்கு எத்தனை லேப்?

ஒரு சூடேற்றும் லேப், நான்கைந்து நல்ல லேப், பிரேக் தொடாமல் ஓட்டும் ஒரு ஆறவைக்கும் லேப். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு மனிதனுக்குத்தான் முதலில் கவனம் சிதறும். கடைசி செஷனில் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வரும்போது ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்.

பாதி டேங்க் இருக்கே, அப்புறம் ஏன் நீள வளைவுல எஞ்சின் இருமுது?

பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. நீண்ட வளைவில் பாதிக்குக் கீழே போனாலே இது வரும். அதனால் பாதியை உங்கள் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 150 கிலோமீட்டர் ஓட்டும் நாளில் ஒரு டேங்கில் பெரும்பகுதி போகும், கேன் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

இதே மாதிரி நம்ம ஊர்ல பண்ண முடியுமா?

ட்ராக் இருக்கிறது: இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறக்குறைய 2.1. வண்டிதான் சிக்கல். எம்எக்ஸ்-5 இந்தியாவில் விற்கப்படவே இல்லை, இந்த வயதுள்ள காரை இறக்குமதி செய்யப் பொதுவாக விதி இடம் தராது. பழைய ஹோண்டா சிட்டி, எஸ்டீம் என்று இருப்பதைக் கொண்டு போகலாம். பிரேக் ஆயில், ரேடியேட்டர் பற்றி மேலே சொன்னதெல்லாம் சென்னை வெயிலில் இன்னும் கறாராகப் பொருந்தும். 40 டிகிரியில் லேப் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

வீட்டுக்கு வந்தாச்சு. அடுத்து என்ன பார்க்கணும்?

மறுநாள் காலையில், குளிர்ந்த வண்டியில் பெடலை மிதியுங்கள். ட்ராக்குக்குக் கிளம்பும் முன் இருந்ததைவிட நீளமாக இருந்தால் ஏர் எடுங்கள். பேடு தடிமன், டிஸ்க்கில் விரிசல், வீல் பேரிங் ஆட்டம், கூலன்ட் அளவு. எஞ்சின் ஆயில் மாற்ற வழக்கமான தூரம் வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு மூன்று ட்ராக் டேக்கு ஒரு முறை போதும். பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒரு முறை, அடுத்த சீசனின் முதல் நாளுக்கு முந்தைய வாரம்.